வழிநடைக்கா, தங்குமிடத்துக்கா: ரிம்வேர்ல்டில் படுக்கைச் சுருள்

ரிம்வேர்ல்ட் விளையாடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடியிருப்பை விட்டு யார் கிளம்பினாலும் தலைக்கு ஒரு படுக்கைச் சுருள் ஏற்றிவிட வேண்டும். பக்கத்து ஊருக்குப் பருத்தி விற்கப் போனாலும், பத்து நாள் தொலைவில் உள்ள கொள்ளையர் முகாமைத் தாக்கப் போனாலும் இதுவே நடைமுறை. நம் ஆட்கள் வெறுந்தரையில் படுக்கக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த வழக்கம் இது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சுருளால் வரும் பயன் எங்கே கிடைக்கிறது என்று பார்க்காமலே எல்லாப் பயணத்துக்கும் ஒரே அளவை வைப்பது சரியில்லை.

டைனன் சில்வெஸ்டர் வடிவமைத்த இந்த ஆட்டத்தில், 2016 டிசம்பரில் வந்த 16-ஆம் ஆல்ஃபா பதிப்பு உலக உருண்டையையும் பயணக் குழுக்களையும் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ‘எதை எடுத்துப் போவது’ என்பது ஆட்டத்தின் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது. மருந்து, உணவு, ஆயுதம், சரக்கு, படுக்கை எல்லாமே எடைக்கணக்கில் ஒன்றோடொன்று மோதுகின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் சுமக்கக்கூடியது 35 கிலோ. மஃபலோ, ஒட்டகம், கழுதை போன்ற சுமை விலங்குகள் இருந்தால் வரம்பு உயரும். வரம்பைத் தாண்டினால் குழு நகரவே நகராது.

முதலில் வழிநடை இரவுகளைப் பார்ப்போம். சுருளுக்காக வாதாடுகிறவர்கள் எடுத்துக்காட்டுவதும் இவற்றைத்தான். பயணக் குழு இரவு 10 மணிக்கு நிற்கும், காலை 6 மணிக்குக் கிளம்பும். அந்த எட்டு மணி நேரம் மாறாதது. நல்ல கட்டிலில் ஒருவரின் ஓய்வு அளவு பூஜ்யத்திலிருந்து முழுதாக நிரம்பப் பத்தரை மணி நேரம் ஆகும். தரையில் படுத்தால் தூக்கத்தின் பலன் 80 விழுக்காடுதான். ஆக, தரையில் எட்டு மணி நேரம் தூங்கியவர் ஏறத்தாழ 61 விழுக்காடு ஓய்வைத் திரும்பப் பெறுகிறார். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் அவர் இழப்பது ஏறத்தாழ 63. நாளொன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் புள்ளிதான் பற்றாக்குறை. முழு ஓய்வோடு கிளம்பியவர், ‘களைப்பு’ என்று ஆட்டம் குறிக்கும் 28 விழுக்காட்டுக்குக் கீழே முதன்முதலாக இறங்குவது ஐந்தாம் நாள் மாலையில்தான். அதற்குக் கீழே இறங்கும் வேகமும் குறைந்துவிடுகிறது. சுருளில் படுப்பவரோ ஓர் இரவில் 70-க்கு மேல் மீட்டுவிடுகிறார். அவருக்குப் பற்றாக்குறையே இல்லை.

இந்தக் கணக்கு இரு பக்கமும் வெட்டுகிறது. நான்கு நாளுக்குள் முடியும் பயணத்துக்குத் தூக்கத்தைக் காரணம் காட்டிச் சுருள் ஏற்றுவதில் பெரிய பொருளில்லை. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட நடைக்குச் சுருள் இல்லாமல் போவது, போர் தொடங்கும் நேரத்தில் களைத்த ஆட்களைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாகும். எதிரியின் முகாமுக்குள் நுழையும் முன்பே மனநிலை சரிந்திருந்தால், முதல் குண்டடிக்கே ஒருவர் மனம் உடைந்து களத்தை விட்டு விலகக்கூடும்.

ஆனால் சுருளின் அருமை முழுதாகத் தெரிவது நடையில் அல்ல, சேர்ந்த இடத்தில். முகாமைத் தாக்கி முடித்தாயிற்று. இருவர் படுகாயம், ஒருவர் கால் ஊன்ற முடியாத நிலை. அந்த மேப்பில் அவர்கள் ஓரிரு நாளாவது தங்கித்தான் ஆக வேண்டும். செலவே இல்லாத ‘தூங்குமிடம்’ என்ற குறியை மண்ணில் போட்டுக் காயத்துக்குக் கட்டுப்போட முடியும் என்பது உண்மை. சுருளை மறுப்பவர்களின் வலுவான வாதமும் அதுவே. என்றாலும் அந்தக் குறி வெறுந்தரைதான். தரையில் தூங்கி எழுந்தவருக்கு மனநிலையில் 4 புள்ளி குறைகிறது. வலியிலும் தோழரின் சாவிலும் ஏற்கெனவே நொந்திருப்பவரிடம் அந்த 4 புள்ளி சின்ன விஷயம் அல்ல. உடம்பு நோயோடு போராடும் நாட்களும் அப்படியே. வழியில் ஒருவருக்கு மலேரியாவோ பிளேக்கோ வந்துவிட்டால், நோயா எதிர்ப்பாற்றலா, எது முந்துகிறது என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. குழுவை நிறுத்திவிட்டு அவரைப் படுக்க வைப்பதே செய்ய வேண்டியது. அப்போது எல்லோருக்கும் சுருள் இருக்க வேண்டியதில்லை, அவருக்கு ஒன்று இருந்தால் போதும். நடுத்தரத் தொலைவுப் பயணங்களுக்கு ‘ஆளுக்கொன்று’ என்பதைவிட ‘குழுவுக்கு இரண்டு’ என்பது மேலான விதி என்று நான் கருதுவது இதனால்தான்.

குறைகளில் எடை பெரிதாகப் பேசப்படுகிறது. கிளம்பும்போது அது உறுத்தாது, திரும்பும்போதுதான் உறுத்தும். கொள்ளையர் கிடங்கில் பிளாஸ்டீலும் உதிரி பாகங்களும் குவிந்திருக்க, எட்டுச் சுருளுக்கு இடம் விட்டு அவற்றை விட்டுவருவது மோசமான பேரம். 40 துண்டு துணியோ தோலோ இருந்தால் ஊரில் மறுபடி ஒன்று தைத்துக்கொள்ளலாம். சுருளை அங்கேயே விட்டுவிட்டு வருவதற்குத் தயங்கவே கூடாது.

என்னை அதிகம் வருத்துவது வேறொரு குறை. சுருளை விரித்துவிட்டால் அது தரையோடு சேர்ந்த அறைகலன் ஆகிவிடுகிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது, மறுபடி கழற்றிச் சுருட்டினால்தான் அது சரக்குப் பட்டியலில் வரும். சண்டை முடிந்து குழுவைத் திரட்டும்போது மட்டும், விரித்த சுருள்களும் பட்டியலில் நேரடியாகவே வரும். ஊரிலோ கூடத்தில் விரித்துப் பயன்பாட்டில் இருக்கும் சுருள், பயண ஏற்பாட்டுச் சாளரத்தில் தென்படாது. அதனால் சுருட்டிய நிலையில் இரண்டு மூன்றை அலமாரியில் ஒதுக்கி வைப்பது, கிளம்பும் நாளில் எட்டைக் கழற்றிக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பயணப் பொருள்களைத் தானாகவே தேர்ந்துகொடுக்கும் வசதி ஆட்டத்தில் உண்டு. அதைத் தட்டினால் உணவோடும் மருந்தோடும் சுருளும் சேர்ந்து ஏறிவிடும். புதிதாக ஆடுபவருக்கு அது பெரிய உதவி. பசியோடும் வெறுங்கையோடும் யாரும் கிளம்பிவிடாமல் காக்கிறது. ஆனால் போகிற இடத்தில் சந்தை இருக்கிறதா, சண்டை இருக்கிறதா என்பதை வைத்து அது முடிவெடுப்பதில்லை. சந்தைக்கென்றால் தேர்வு முடிந்ததும் சுருள் வரிசையைக் கையாலேயே பூஜ்யமாக்கி, அந்த எடைக்கு விற்பனைச் சரக்கை ஏற்றலாம். முகாமைத் தாக்கவென்றால் எண்ணிக்கையைக் கூட்டி, இன்னொரு மஃபலோவையும் சேர்த்துக்கொள்ளலாம்.