ஒரே நீளப் பட்டைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேச நகரங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 4.45 கோடி, தமிழ்நாட்டு நகரங்களில் 3.49 கோடி. எண்ணிக்கையை அப்படியே பட்டைகளாக வரைந்தால் உத்தரப் பிரதேசமே ஓங்கி நிற்கும்.

இப்போது ஒவ்வொரு மாநிலத்தின் மொத்த மக்களையும் ஒரு பட்டையாக வரைந்து, இரண்டையும் ஒரே நீளமாக்கி, முழு நீளத்தை 100 சதவீதமாகக் கொண்டு, நகரத்துக்கு ஒரு வண்ணமும் கிராமத்துக்கு ஒரு வண்ணமும் தீட்டுங்கள். நகர வண்ணம் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம், கிட்டத்தட்டப் பாதி. உத்தரப் பிரதேசத்தில் 22.3 சதவீதம்தான். நகரமயம் எங்கே அதிகம் என்பது பார்த்ததும் புரிகிறது.

வரைவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பட்டையில் இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தால், ஓரத் துண்டுகளைக் கண் சட்டென்று ஒப்பிடும்; நடுத்துண்டுகள் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதால் தடுமாறும். முக்கியமானதை இடது ஓரத்தில் வைக்க வேண்டும். மொத்தத் தொகை இதில் மறைந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே அதை எழுதிவிட வேண்டும்.

பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.