பொருத்துக: சிங்கம் – குகை

நம் தொடக்கப்பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களில் சலிக்காமல் வருகிற ஒரு கேள்வி உண்டு. இடப்பக்கம் விலங்குகள், வலப்பக்கம் உறைவிடங்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். சிங்கம் – குகை, பாம்பு – புற்று, குதிரை – லாயம், மாடு – தொழுவம். கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் சுவரில் உலகப்படம் தொங்கும்: பனியில் துருவக் கரடி, பக்கத்திலேயே பென்குவின், மஞ்சள் புல்வெளியில் சிங்கம். இதிலென்ன அரசியல் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தகவல். சிங்கம் குகையில் குடித்தனம் நடத்துவதில்லை. புல்வெளியிலும் வறண்ட காட்டிலும் திரிகிற பிராணி அது. துருவக் கரடி வடகோடியில், பென்குவின்கள் ஏறக்குறைய எல்லாமே பூமத்திய ரேகைக்குத் தெற்கே. இவற்றைத் திருத்திவிடலாம். என் சண்டை திருத்தப்பட்ட பட்டியலோடும்தான். 'பொருத்துக' என்கிற வடிவமே ஒரு சொல்லாடல். ஒவ்வொன்றுக்கும் ஒரே இடம், என்றைக்கும் உள்ள இடம், யாரும் உண்டாக்காத இடம் என்று அது சொல்லித் தருகிறது. லாயத்தைக் குதிரையா கட்டிற்று? புற்று கரையானின் உழைப்பு, பாம்பு அதில் குடிபுகுந்தது என்பது பழமொழி தெரிந்த பாட்டிக்குத் தெரியும், பாடப்புத்தகத்துக்குத் தெரியாது. ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கிற நாட்டில், 'அவரவர்க்கு அவரவர் இடம்' என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழக்குவது அப்பாவித்தனமான காரியமல்ல.

அந்த உலகப்படத்தில் மனிதர்களே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? தான்சானியாவின் செரங்கெட்டியில் மாடு மேய்த்த மாசாய் மக்கள் 1959இல் வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாப் புல்வெளி அப்படித்தான் கிடைத்தது. நம் பக்கத்துக் கதை குனோ. மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற அந்தக் காட்டில் கிர் சிங்கங்களைக் குடியேற்றுவதற்காக 24 கிராமங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. போனவர்களில் பெரும்பான்மையினர் சஹாரியா ஆதிவாசிகள். சிங்கங்களைக் குஜராத் தரவில்லை. தரச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் நடக்கவில்லை. 2022 செப்டம்பரில் விமானத்தில் வந்திறங்கியவை நமீபியாவின் 8 சிவிங்கிப்புலிகள். இப்போது பொருத்துங்கள் பார்ப்போம்: குனோ யாருடைய வாழிடம்?

உடனே 'திணைக்குத் திரும்புவோம்' என்று தமிழ்ப் பண்டிதர்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளில் விலங்கையும் மரத்தையும் உணவு, பறை, தொழில், தெய்வம் ஆகியவற்றோடு சேர்த்தே வைக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலையாகும் என்கிற சிலப்பதிகாரத்துக்கு நிலம் மாறக்கூடியது என்பது தெரிந்திருக்கிறது. சுவரில் தொங்குகிற படத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதே இலக்கணம்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு அந்த நிலத்தின் காதலில் பங்கில்லை! திணையை வகுப்பறைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

உலகத்துப் பிராணிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிறையச் சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்விகளைக் கேட்கவிடுங்கள்: இந்த இடத்தில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? இதை உண்டாக்கியது யார்? இங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்? கோடு போட்டு விடை சொல்ல முடியாத கேள்விகள் இவை. மதிப்பெண் போடுவது வாத்தியாருக்குச் சிரமம். இருக்கட்டுமே.