பேரேட்டில் இல்லாத பெயர்கள்

மலாயில் அசாம் ஜாவா என்றால் புளி. எங்கள் அசாம் ஜாவாவைச் சுற்றி இப்போது செம்பனைதான். பக்கத்தில் வெள்ளைக்காரன் கோட்டை என்றால் கோலசிலாங்கூர் மலாவாத்தி குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்தது. போர்த்துக்கீசியரா? அது மலாக்கா, 1511, பரீட்சைக் கேள்வி. நமக்கென்ன என்று இருந்துவிடுவோம்.

தோமே பீரஸின் 'சுமா ஓரியண்டல்' அப்படி இருக்க விடவில்லை. பீரஸ் மருந்துச் சரக்கு தெரிந்தவர். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் கணக்கெழுதினார். புத்தகத்தின் முழுக் கையெழுத்துப் படி 1937இல்தான் பாரிஸில் கண்டெடுக்கப்பட்டது. 1944இல் ஆங்கிலத்தில் வந்தது. மலாக்காவுக்கு ஈயத்தில் திறை கட்டிய இடங்களில் சிலாங்கூர், கிள்ளான், பெர்னாம் எல்லாம் வருகின்றன. அட, நம்ம ஆத்தங்கரை!

இதன் பலம் கணக்கில் இருக்கிறது. எந்தத் துறைமுகத்தில் என்ன சரக்கு, எவ்வளவு வரி என்று மனிதர் விடுவதில்லை. மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார். கிளிங் என்று அவர் குறிப்பிடும் சோழமண்டலக் கரை வணிகர்களின் செல்வமும் தெளிவாகத் தெரிகிறது. அவர்களில் ஒருவரான நைனா சாத்து, 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். நகரைப் பிடித்த அல்புகர்க் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார். பெகுவுக்குப் போன கப்பல்களில் அவருக்கும் பங்கு. 1514இல் பதவி பறிபோனதும் சிதை மூட்டித் தீயில் இறங்கினார் என்று பின்னால் வந்த போர்த்துக்கீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

நம் மேடைகளில் இந்தக் கதையின் முன்பாதிதான் ஓடுகிறது. "நாங்க கூலியா வரல, வியாபாரியா வந்தோம்." எனக்கு இது உறுத்துகிறது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவர் வெட்டியது அவமானமா, மறைக்க ஒரு வணிகர் வேண்டுமா? அந்த வணிகரும் ஜெயிப்பவன் பக்கம் பணம் கட்டியவர்தான்.

பீரஸின் பெரிய ஓட்டை வேறு இடத்தில். அன்றைய போர்த்துகல்லின் மொத்த ஜனத்தொகையே பத்துப் பதினைந்து லட்சம். கப்பலேறியவர்களில் பெண்கள் மிகக் குறைவு. அதனால்தான் 1510இல் கோவாவைப் பிடித்த கையோடு, உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறச் சொன்னார் அல்புகர்க். மணந்தவர்களுக்குக் 'கசாடோ' என்று பெயர். தண்டனையாக நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளும் கப்பலில் வந்தார்கள். பேரரசைத் தாங்கியது இந்தக் குடும்பங்களும் உள்ளூர்க்காரன் முதலும். ஆனால் பீரஸின் பேரேட்டில் மிளகுக்கு விலை இருக்கிறது. அந்த மனைவிகளுக்குப் பெயர் இல்லை. நம் பிரட்டுக் களத்திலாவது தினம் பேர் கூப்பிட்டார்கள்.

அவர்கள் பீரங்கியோடு வந்தவர்கள், நாம் கங்காணி பின்னால் வந்தவர்கள். அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் கப்பலின் அடித்தட்டில் வந்தவனைக் கணக்கெழுதுகிறவன் பார்ப்பதில்லை என்பது இரண்டு கதைக்கும் பொது.

அந்தப் பெண்களின் வழி வந்த கிறிஸ்தாங் மக்கள் இன்றும் மலாக்கா உஜோங் பாசிரில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னோரின் சொல்லும் நம் வீடுகளில் இருக்கிறது. நாம் மேசை, ஜன்னல் என்கிறோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மேஜா, ஜெண்டேலா என்கிறார். பீரஸைப் படியுங்கள். நைனா சாத்துவைக் கண்டதும் மார் தட்டிக்கொண்டு மூடிவைக்காமல், யார் பெயர் இல்லை என்று தேடிப் படியுங்கள். என் பாட்டியைத் தேடவும் எனக்கு அதுதான் பழக்கம் கொடுத்தது.