தொழுநோயாளியும் அவிசுவாசியும்: டொனால்ட்சனின் தொடர்நாவல்கள் பற்றிச் சில கருத்துகள்

இறையியல் மாணவர் தம் ஓய்வுவேளைகளில் எவற்றைப் படிக்கின்றனர் எனக் கேட்டறியும் வழக்கம் நம்மிடையே குறைந்து வருகிறது. சென்ற பருவத்தின் இறுதியில் மாணவர் ஒருவர் தடித்த ஆங்கில நாவல் ஒன்றை என் மேசைமீது வைத்து, "ஐயா, இதைத் தொடக்கப் பகுதியிலேயே மூடிவிட்டேன். இதன் கதைத்தலைவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவனை மன்னிக்க முடியாத நான் நாளைக்கு மன்னிப்பைப் பற்றி எப்படிப் பிரசங்கம் பண்ணுவது?" என்றார். கற்பனை மனிதன் ஒருவனைக் குறித்து இத்துணை மெய்யான கேள்வி எழுமாயின் அந்நூல் ஆராயத்தக்கதே எனக் கருதி, விடுமுறையில் அத்தொடரைப் படித்தேன்.

ஆங்கிலத்தில் 'டார்க் ஃபேன்டசி' என வழங்கும் இருண்ட அதிகற்பனைத் தொடர்நாவல்களைக் குறித்து நம் வட்டாரத்தில் இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. மந்திரமும் பேயுருவங்களும் மலிந்த நூல்கள் ஊழியருக்கு ஆகா என்பது ஒன்று. டோல்கீனும் சி. எஸ். லூயிஸும் எழுதவில்லையா, இவற்றிலும் கிறிஸ்துவின் சாயலைத் தேடினால் கிடைக்கும் என்பது மற்றொன்று. முன்னவர் நூலைத் திறவாமலே தீர்ப்புச் சொல்கின்றனர். பின்னவர் திறக்கின்றனர், ஆனால் தாங்கள் முன்னரே அறிந்ததை அன்றி வேறொன்றையும் அதில் காண்பதில்லை. இவ்விருசாராருக்கும் எளிதில் அகப்படாத தொடர் ஸ்டீபன் ஆர். டொனால்ட்சன் எழுதிய தாமஸ் கவனன்ட் கதைகள்.

1977இல் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்' என்னும் முதல் நூல் வெளிவந்தது. அதனை நாற்பதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர் மறுத்த பின்னரே அச்சேறியது என்பர். முதல் மூன்று நூல்கள் ஒரு தொகுதி. 1980 முதல் 1983 வரை வந்த மூன்றும் இரண்டாம் தொகுதி. 2004 முதல் 2013 வரை வெளிவந்த நான்கும் இறுதித் தொகுதி. இறுதி நான்கும் நீளத்தால் சோர்வு தருவன. அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. நடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இவரைப் படிப்பது ஆங்கிலத்தில் நல்ல பயிற்சி உடையோர்க்கும் கடினம். அருஞ்சொற்களின்மீது இவருக்கு இருக்கும் மோகம் சில இடங்களில் நகைப்பையே விளைவிக்கிறது.

ஆசிரியரின் பின்னணி நமக்கு அந்நியமானதன்று. அமெரிக்காவில் 1947இல் பிறந்த டொனால்ட்சன் தம் இளமையை இந்தியாவில் கழித்தவர். அவருடைய தந்தை மகாராஷ்டிரத்தின் மீரஜ் நகரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய பிரஸ்பிட்டீரியன் மிஷனெரி மருத்துவர். தொழுநோயைக் குறித்துத் தந்தை ஆற்றிய உரை ஒன்றைக் கேட்டபோதே இக்கதையின் கரு தமக்குள் உருவாயிற்று என ஆசிரியரே தெரிவித்திருக்கிறார். நூலின் தொடக்கத்தில் கதைத்தலைவனை எதிர்கொள்ளும் இரவலர் காவிநிற அங்கி அணிந்திருக்கிறார். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் தெருவில் இது வியப்பான உடை. நமக்கோ அவரை எங்கோ கண்டதுபோல் தோன்றும்.

கதை இதுவே. தாமஸ் கவனன்ட் என்னும் எழுத்தாளனுக்குத் தொழுநோய் காண்கிறது. வலக்கையின் இரு விரல்கள் அகற்றப்படுகின்றன. மனைவி குழந்தையுடன் விலகி மணமுறிவு பெறுகிறாள். அவன் ஊருக்குள் வருவதற்கு எவ்விதக் காரணமும் இருக்கலாகாது என்பதற்காகவே ஊரார் அவனுக்குரிய கட்டணங்களைத் தாமே செலுத்திவிடுகின்றனர். தரும சிந்தை என்னும் பெயரில் ஒருவனை வேலிக்கு அப்பால் நிறுத்திவைக்கும் இக்கொடுமையை ஆசிரியர் சில பக்கங்களிலேயே உணர்த்திவிடுகிறார். பின்பு அவன் விபத்து ஒன்றில் நினைவிழந்து, 'நாடு' என்றே பெயர் வழங்கும் வேறோர் உலகில் விழிக்கிறான். அங்குள்ள மண்ணும் மரமும் கல்லும் உயிர்த்துடிப்பு உடையவை. அங்கு ஒரு மருந்துமண் பூசப்பட்டதும் அவனது மரத்துப்போன நரம்புகள் உயிர்பெறுகின்றன. கழற்றாமல் அணிந்திருந்த வெண்பொன் திருமண மோதிரமே அங்குப் பேராற்றலின் ஊற்று. அவனோ இவை யாவும் கனவு என்று மறுக்கிறான். தன் புலன்களை நம்பிச் சற்று அயர்ந்தாலும் கைகால்களை இழக்க நேரும் என்று பயிற்றப்பட்ட தொழுநோயாளி, நம்பிக்கை கொள்வதையே ஆபத்தாகக் கருதுகிறான். ஆகவே அவனுக்கு அங்கு வழங்கும் பெயர் 'அவிசுவாசி'.

தோமா என்னும் பெயரையும் உடன்படிக்கை என்று பொருள்படும் குடும்பப்பெயரையும் அவிசுவாசி என்னும் பட்டத்தையும் ஒருங்கே கண்டவுடன் நம் மாணவர் பிரசங்கக் குறிப்பு எடுக்கத் தொடங்கிவிடுவர். அங்குச் சற்று நிற்க வேண்டும். இத்தொடரின் மெய்யான வலிமை பெயர்க்குறியீடுகளில் இல்லை. தொழுநோயை அது உள்ளபடி உரைப்பதில் இருக்கிறது. சதை தானாக அழுகுவதன்று இந்நோய். நரம்பு உணர்விழக்கிறது, வலி என்னும் காவலன் மறைகிறான், சூடும் முள்ளும் தெரியாமற்போகப் புண்ணுண்டாகிறது, அப்புண்ணே உறுப்புகளைச் சிதைக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் தம் நோயாளரிடையே நிறுவிக்காட்டிய உண்மை இது. அவர் 1966இல் லூசியானாவின் கார்வில்லில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நாவலிலும் கவனன்ட் லூசியானாவில் உள்ள தொழுநோய் மருத்துவமனை ஒன்றில்தான் தன் உடலை நாள்தோறும் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கக் கற்றுக்கொள்கிறான். அச்சோதனையை ஆசிரியர் ஏறக்குறைய ஒரு செபநியமம்போல் வருணிக்கிறார். தொடரில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதுவே.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊழியத்தின் தொடக்கத்தில் தொழுநோய் இல்லம் ஒன்றின் சிற்றாலயத்தில் நாகமானைக் குறித்துப் பிரசங்கித்தேன். 'குஷ்டரோகம் பாவத்தின் அடையாளம்' என்று நான் படித்த விளக்கவுரைகள் சொன்னதையே அம்மக்கள் முன்னிலையில் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் முதியவர் ஒருவர் விரல்களற்ற கைகளைக் குவித்து, "ஐயா, எனக்குப் பாவமும் உண்டு, இந்த வியாதியும் வந்தது. ரெண்டும் வேற வேற ஐயா" என்றார். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்கள் கூறுவது ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூடத் தோன்றக்கூடியது. 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோயோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது என்பதை நான் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். தேர்வில் எழுதியது பிரசங்க பீடத்துக்கு வந்துசேரவில்லை.

டொனால்ட்சனும் இக்கண்ணியில் ஓரளவு சிக்கிக்கொள்கிறார் என்பதே என் முதற்குறை. முதல் அதிகாரங்களில் தொழுநோய் தொழுநோயாகவே இருக்கிறது. கதை வளர வளர அது குற்றவுணர்வுக்கும் மனமரப்புக்கும் பெயராகிவிடுகிறது. கவனன்டின் உள்ளம் தொழுநோய்ப்பட்டது என்னும் தொனி பரவுகிறது. ஆசிரியர் நோயாளியை இழிவுபடுத்த எண்ணவில்லை என்பது தெளிவு. ஆயினும் உருவகம் எழுதுபவனின் எண்ணத்தைக் கேட்டு நடப்பதில்லை. நம் நாட்டில் மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோயைச் சட்டம் நீக்கியது 2019இல்தான். கிறிஸ்தவருக்கான 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமும் அப்போதுதான் திருத்தப்பட்டது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்து, நோய் குணமாகக்கூடியதென்று நிலைநாட்டி முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்பு! மருந்து வந்தும் உருவகம் சாகவில்லை.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். நரம்புகள் உயிர்பெற்ற வெறியில், தன்னைக் குணமாக்கிய லெனா என்னும் பதினாறு வயதுப் பெண்ணைக் கவனன்ட் வன்புணர்ச்சிக்கு உள்ளாக்குகிறான். (இக்குற்றத்துக்கு நாம் நெடுங்காலம் வழங்கிய சொல் இழைத்தவன்மீது அன்றிப் பெண்ணின்மீதே பழியை ஏற்றுவது, அதனை விட்டுவிடுவோம்.) வாசகர் பலர் நூலை மூடுவது இந்த இடத்தில்தான். அவர்களை நான் குறைகூறேன். கனவில் செய்தது குற்றமாகுமா என்று அவன் சாதிக்க முயல்கிறான். கதையோ அச்சாக்கை ஏற்பதில்லை. அச்செயலின் விளைவு ஆறு நூல்களிலும் நிழலாய்த் தொடர்கிறது. அவன் ரானிஹின் என்னும் தெய்வீகக் குதிரைகளோடு பேரம் பேசி, ஆண்டுக்கொருமுறை லெனாவைப் பார்க்கச் செல்லுமாறு அவற்றைப் பணிக்கிறான். தன் கடனைப் பிறர் கையால் அடைக்க முயலும் இச்செயல் தீமையையே பெருக்குகிறது. அக்குற்றத்தால் பிறந்த மகள் எலினா தலைமைப் பதவிக்கு உயர்ந்து, தந்தையறியாத வெறுமையைச் சுமந்து, மரணத்தின் சட்டத்தையே உடைத்துப் பேரழிவைக் கொண்டுவருகிறாள். மலிவான கிருபையைக் குறித்துப் போன்ஹோஃபர் 1937இல் எழுதியதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். மலிவற்ற குற்றம் எத்தகையது என்பதை அறிய இந்நாவல்களை அதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஆனால் லெனா எங்கே? மூன்றாம் நூலில் அவள் முதுமையுற்று, அறிவு பேதலித்து, கவனன்ட் தன்னை மணக்க வருவான் எனக் காத்திருக்கும் பெண்ணாகத் தோன்றுகிறாள். அவனைக் காப்பாற்றும்பொருட்டே உயிர்விடுகிறாள். இதுவே என் பெருங்குறை. அவனை மன்னிக்கவோ மறுக்கவோ உரிமை பெற்றிருந்தவள் அவள் ஒருத்தி. அவ்வுரிமையைச் செலுத்துவதற்கு வேண்டிய தெளிந்த அறிவையே ஆசிரியர் அவளிடமிருந்து பறித்துவிட்டார். அதன்பின் பாவம், குற்றவுணர்வு, மீட்சி ஆகியவை யாவும் கவனன்டின் உள்ளத்துக்குள்ளேயே நிகழும் நாடகமாகின்றன. 2 சாமுவேல் 13இல் தாமார் தன் சகோதரன் அப்சலோமின் வீட்டில் பாழாய்க் கிடந்தாள் என்பதோடு அவள் குரல் ஓய்ந்துவிடுகிறது. பத்சேபாளுக்கு இழைக்கப்பட்டதோ 51ஆம் சங்கீதத்தில் தேவனுக்கு விரோதமான பாவமாக மாத்திரம் அறிக்கையிடப்படுகிறது. நாமும் தாவீதின் மனந்திரும்புதலைக் குறித்து நூறு பிரசங்கம் செய்வோம். பத்சேபாளைக் குறித்து ஒன்றும் செய்யோம். டொனால்ட்சனின் குறை நம் பீடத்தின் குறையுமாகும். மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போகச் சொல்லுகிறது. அந்த வழியில் கவனன்ட் நடந்து சென்று சேர்வதேயில்லை.

இக்குறைக்கு ஆசிரியரே அறியாமல் வைத்த மாற்று ஒன்று முதல் நூலில் இருக்கிறது. அது லெனாவின் தாய் அட்டியாரன். மகளுக்கு நேர்ந்ததை அறிந்த பின்னும், நாட்டைக் காக்கும் செய்தி அவனிடம் இருப்பதால், அவனுக்கு வழிகாட்டியாக அவள் பல நாள் நடக்கிறாள். லெனாவை நேசித்த ட்ரையாக் அவனைக் கொல்ல வருங்கால், தங்கள் மக்கள் எடுத்துக்கொண்ட சமாதான ஆணையை நினைப்பூட்டித் தடுக்கிறாள். அவள் அவனை மன்னிக்கவில்லை; மன்னித்ததாக நடிக்கவுமில்லை; பழிவாங்கவுமில்லை. பழிக்கும் மன்னிப்புக்கும் இடையே உள்ள அந்த நெடிய, வறண்ட நிலத்தில் நம் சபைமக்கள் எத்தனை பேர் ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டிருக்கின்றனர்! அவர்களைக் கண்டதும் 'மன்னித்துவிடுங்கள்' என்று நாம் அவசரப்படுகிறோம்.

திருச்சபையைப் பற்றி நாவல் சொல்வது சொற்பம், சொல்வது சுடுகிறது. மூன்றாம் நூலில் கவனன்ட் எழுப்புதல் கூடாரக் கூட்டம் ஒன்றுக்குப் போகிறான். சுகமளிக்கும் ஊழியம் நடக்கிறது. அவன் முன்வந்து உதவி கேட்கிறான். தொழுநோயாளி என்று தெரிந்ததும் அவனை வெளியே தள்ளிவிடுகின்றனர். ஆறு நூல்களில் கிறிஸ்தவ வழிபாடு இவ்வளவு விரிவாக வேறெங்கும் வரவில்லை. மிஷனெரியின் மகன் எழுதிய நூலில் இது தற்செயலாக அமைந்திராது.

முதல் தொகுதியின் முடிவு குறித்தும் ஒரு சொல். தீயோனாகிய ஃபவுல் பிரபுவை வீழ்த்துவது வாளன்று, நகைப்பு. அந்நகைப்பைத் தொடங்கி வைப்பவன், நண்பனுக்காகக் கொதிக்கும் எரிமலைக்குழம்பைக் கடந்த ஃபோம்ஃபாலோவர் என்னும் இராட்சதன். தன்னைக் கண்டு அஞ்சாமல் சிரிக்கும் குரல்களின்முன் தீயோன் சுருங்கிச் சுருங்கிக் குழந்தையாகி மறைகிறான். இரண்டாம் சங்கீதத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆனால் இங்குச் சிரிப்பவர் பரலோகத்தில் வீற்றிருப்பவர் அல்லர். தீக்குள் நடந்து வந்தவன். அதன்பின் சிருஷ்டிகர் கவனன்டுக்குத் தெரிவு அளிக்கிறார்: அவ்வுலகில் சுகத்தோடு தங்கலாம், அல்லது தன் உலகுக்குத் தொழுநோயாளியாகவே திரும்பி உயிர்வாழலாம். அவன் பின்னதைத் தெரிந்துகொள்கிறான். சுகமளித்தலே விசுவாசத்தின் சான்று என்று சுவரொட்டிகள் முழங்கும் காலத்தில் இம்முடிவின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

மாணவரிடம் நான் சொன்னது சுருக்கமானது: "தம்பி, அவனை மன்னிக்கும்படி உம்மை யாரும் கேட்கவில்லை. அது லெனாவுக்கு உரியது, உம்முடையதன்று. உம்மால் மன்னிக்க முடியவில்லை என்பதல்ல குறை. அவளைத் தாண்டி நீர் மன்னித்துவிடுவீரானால் அதுதான் குறை." அவர் ஒன்றும் சொல்லவில்லை. நூலைத் திரும்ப எடுத்துச் சென்றிருக்கிறார். அட்டியாரன் அவனை ஆற்றங்கரையில் இராட்சதனின் படகில் ஒப்படைத்துவிட்டுத் தனியே திரும்பும் இடம்வரையிலேனும் படிக்கும்படி கேட்டிருக்கிறேன்.