மேளப் பெயர்களும் தமிழ் எழுத்தும்

ஐரோப்பாவில் பரோக் இசை ஓங்கியிருந்த காலத்திலேயே தஞ்சையில் வேங்கடமகியின் சதுர்தண்டீ பிரகாசிகை தோன்றியது. விஜயராகவ நாயக்கர் ஆட்சிக்காலத்தைச் (1633–1673) சார்ந்த இந்நூலை, 1722இல் வெளிவந்த ராமோவின் ஒத்திசை நூலோடு ஒப்பிட்டு நோக்கத் தோன்றுவது இயல்பே. எனினும் இரண்டின் நோக்கமும் ஒன்றன்று. ராமோ ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் அடிப்படையைத் தேடினார். வேங்கடமகி சுரங்கள் சேரத்தக்க வகைகளைக் கணக்கிட்டார். ரி–க சேர்க்கை 6, த–நி சேர்க்கை 6, மத்தியமம் 2, ஆக 72.

கனகாங்கி முதலான பெயர்கள் வேங்கடமகி இட்டவை அல்ல, பிற்காலத்தவை. இவற்றின் முதலிரண்டு எழுத்துகள் கடபயாதி முறையில் மேள எண்ணைத் தரும். கேரளத்தில் பரல்பேர் எனப்படும் இம்முறை, அங்கு வானநூற் கணக்கிலும் பெரிதும் பயின்றது. க, ட, ப, ய என்பன 1. அடுத்தடுத்த எழுத்துகள் அடுத்தடுத்த எண்கள். பெறும் இலக்கங்களைத் தலைகீழாக்க வேண்டும்.

தமிழில் வெளிவரும் இசைநூல்கள் பல இவ்விதியைக் கூறி அமைகின்றன. விதி தமிழ் எழுத்தில் செயற்படுமா என்பதே வினா. வர்க்க எழுத்து நான்கிற்கும் தமிழில் ஒரே வடிவம். கரகரப்ரியாவின் முதலெழுத்து வடமொழியில் இரண்டாம் ககரம். எனவே எண் 22. தமிழ் வடிவைக் கணக்கிட்டால் 21 வரும், அது கீரவாணி. தீரசங்கராபரணம் 29க்குப் பதிலாக 26 ஆகிச் சாருகேசியின் இடத்தைப் பிடிக்கிறது. இத்தனைக்கும் ‘தீர’ என்னும் முன்னொட்டு எண்ணுக்காகவே சேர்க்கப்பட்டது! காயகப்ரியா (13) கோகிலப்ரியாவாகி (11) விடுகிறது. மேசகல்யாணி (65) மட்டும் தப்புகிறது. மெல்லெழுத்துக்கும் வர்க்க முதலெழுத்துக்கும் இடர்ப்பாடு இல்லை.

மட்டாஞ்சேரியில் மலையாள எழுத்தில் இப்பெயர்களைப் படிப்பவர்க்கு இச்சிக்கல் இல்லை. அவ்வெழுத்து நான்கு ககரங்களையும் வேறுபடுத்துகிறது. ஐரோப்பியர் அடிச்சுரத்தின்கீழ் 6, 7 என இலக்கங்களையே எழுதினர். அவை எந்த எழுத்துமுறையிலும் சிதைவதில்லை.

குறை முழுவதும் தமிழெழுத்தின்மேல் ஏற்றத்தக்கதும் அன்று. கூட்டெழுத்தில் ரத்னாங்கி (2) இறுதி மெய்யைக் கொள்ள, சக்கரவாகம் (16) முதல் மெய்யைக் கொள்கிறது. பெயரிட்டவர்கள் எண்ணுக்கேற்ப விதியை வளைத்துள்ளனர் என்பது தெளிவு.

வடமொழித் தோத்திரப் பதிப்புகளில் க² , த⁴ என மேலெண் இடும் வழக்கம் உண்டு. இசைநூலார் பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்கேனும் இதனைக் கைக்கொள்ளலாம். அன்றேல், விதியை விடுத்து எண்ணையே பெயரருகில் தரலாம்.