லோதரிங்கிலிருந்து வந்தவர்கள்

'டிராகன் ஏஜ்' இரண்டாம் பாகத்தின் மேல் சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டுகள் மூன்று. கதை ஒரே நகரத்துக்குள் முடங்கிவிடுகிறது. ஒரே குகையும் ஒரே கிடங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆடுகிறவன் எதைத் தேர்ந்தாலும் முடிவு மாறுவதில்லை. 2011 மார்ச்சில் அது வெளிவந்த நாளிலிருந்து இம்மூன்றும் ஒப்பிக்கப்பட்டு வருகின்றன. நானும் ஒப்பித்தவன்தான். சமீபத்தில் இரண்டு பாகங்களையும் வரிசையாக மறுபடி ஆடிப் பார்த்தபின், குற்றச்சாட்டுகளில் உள்ள தகவல்கள் எல்லாம் சரி, தீர்ப்புதான் தவறு என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. தவறான தீர்ப்புக்கு உடந்தையாக இருந்தவன் அதைத் திருத்தி எழுதுவதுதான் முறை.

கணினி விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டோம். ஒரு சாதனம் கதை சொல்ல முற்பட்டுவிட்டால், அது கதையை எப்படிச் சொல்கிறது என்று கேட்கும் உரிமை விமர்சனத்துக்கு வந்துவிடுகிறது. மேலே போகலாம்.

முதல் பாகமான 'ஆரிஜின்ஸ்', கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 2004இல் அறிவித்து 2009 நவம்பரில் வெளியிட்டது. அதன் அமைப்பு காவிய அமைப்பு. பூமிக்கடியிலிருந்து ஒரு அசுரப் படை கிளம்புகிறது. ஆஸ்டகார் யுத்தத்தில் தளபதி லோகைன் அரசனைக் கைவிட்டுப் படையோடு விலகிப்போகிறான், அரசன் சாகிறான். எஞ்சிய வீரன், பழைய உடன்படிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு மந்திரவாதிகள், குள்ளர்கள், வனவாசிகள், ரெட்கிளிஃப் பிரபு என்று ஒவ்வொரு தரப்பாகப் போய்ப் படை திரட்டுகிறான். கடைசியில் படைக்குத் தலைமை தாங்கும் அசுர நாகத்தைக் கொல்ல வேண்டும். கொல்கிறவன் தானும் சாக வேண்டும், மாரிகன் என்ற சூனியக்காரி சொல்லும் சடங்குக்கு உடன்பட்டாலொழிய. தியாகத்துக்கும் தந்திரத்துக்கும் நடுவில் நிறுத்திவைக்கப்படும் அந்த இரவு, இந்தச் சாதனத்தில் நான் கண்ட நல்ல இரவுகளில் ஒன்று. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

பெயருக்குக் காரணமான அதன் விசேஷம் பிறப்பு. ஆறு பிறப்புகள் உண்டு. பிரபுவின் வாரிசாக, மந்திரவாதியாக, நகரச் சேரியில் அடைக்கப்பட்ட எல்ஃப் இனத்தவனாக, குள்ளர்களிலேயே சாதியில்லாதவன் என்று முகத்தில் சூடுபட்டவனாகப் பிறக்கலாம். தமிழ் வாசகனுக்கு இந்தக் கடைசிப் பிறப்பை விளக்க வேண்டியதில்லை. அவன் வேறொருவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு மல்லரங்கில் ஜெயிக்கிறான். முகம் தெரிந்ததும் ஜெயித்ததே குற்றமாகிவிடுகிறது. ஆரம்பம் உக்கிரமானது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் இந்த ஆறு பாதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. கிரே வார்டன் என்ற வீரர் குழுவில் சேர அசுர ரத்தம் குடிக்க வேண்டும். குடித்தவனுக்குக் குலம் இல்லை. அதன்பின் பிறப்பை நினைவூட்டும் வசனங்கள் வருகின்றனவே தவிர, பிறப்பு பெரும்பாலான கதவுகளை நிரந்தரமாக மூடுவதில்லை. காவியம் எப்போதும் தரும் ஆறுதல் இது: மகத்தான காரியம் ஒன்று வந்துவிட்டால் சின்ன அநியாயங்கள் கரைந்துபோகும் என்பது.

காலமும் அப்படித்தான். உலகம் அழியப்போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் உலகம் காத்திருக்கிறது. குள்ளர்களின் அரியணைத் தகராறு நீங்கள் போய்ச் சேர்கிற நாளில்தான் முற்றும். மந்திரவாதிகளின் கோபுரத்தில் நீங்கள் கதவைத் தட்டும்போதுதான் விபரீதம் உச்சத்தில் இருக்கும். எங்கு போனாலும் இரண்டு பக்கம், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், முடிவில் உங்கள் தேர்வுகளுக்கு என்ன விளைவு என்று பட்டியல் போட்டுக் காட்டுவார்கள். உடன் வருகிறவர்களின் அன்பைக்கூடப் பரிசுப் பொருள் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு ஏறியது என்று எண் தெரியும். நாள் முழுதும் லெட்ஜரில் வரவு வைத்துவிட்டு வருகிறவன் இரவில் மனிதர்களின் பிரியத்தையும் வரவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்த விளையாட்டில் லோதரிங் என்று ஒரு கிராமம் வருகிறது. ஆஸ்டகாரிலிருந்து தப்பும் வீரன் முதலில் போய்ச் சேரும் ஊர். அகதிகள் நிறைந்து கிடக்கிறார்கள். நீங்கள் சில்லறை உதவிகள் செய்கிறீர்கள், இரண்டு துணைவர்களைச் சேர்த்துக்கொள்கிறீர்கள், கிளம்புகிறீர்கள். அடுத்த பெரிய காரியத்தை முடித்துத் திரும்பினால் அந்த ஊர் அழிந்துவிட்டிருக்கும்; அங்கே இனிப் போக முடியாது. கதையில் யாரும் அதற்காக நின்று அழுவதில்லை. நானும் அழவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு விட்டோமா என்றுதான் யோசித்தேன்.

இரண்டாம் பாகம் அந்த லோதரிங்கிலிருந்து தப்பி ஓடும் ஒரு குடும்பத்தோடு தொடங்குகிறது.

2011இல் எனக்கு இது படவில்லை. முதல் பாகத்தின் நாயகன் கடந்துபோன ஊர், இரண்டாம் பாகத்தின் நாயகனுக்கு வீடு. அங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி மறைந்ததென்றால், இங்கே தாயும் பிள்ளைகளும் மூட்டையோடு மலைச்சரிவில் ஓடுகிறார்கள்; பத்து நிமிடத்துக்குள் கூடப் பிறந்தவர்களில் ஒருவர் செத்துப்போகிறார். யார் சாவது என்பதை ஆடுகிறவன் முடிவு செய்வதில்லை. தன்னை மந்திரவாதியாக வைத்துக்கொண்டானா, போர்வீரனாகவோ கள்வனாகவோ வைத்துக்கொண்டானா என்ற, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு தேர்வில் அது ஏற்கெனவே முடிவாகிவிட்டிருக்கிறது. கடல் கடந்து கர்க்வால் நகரத்துக்கு வருகிறார்கள். அது அடிமை வியாபாரத்தில் எழுந்த நகரம். துறைமுக முகப்பில் அடிமைகளின் வெண்கலச் சிலைகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். தாய்க்கு அங்கே பூர்வீக மாளிகை உண்டு. மாமன் அதைக் கடனில் தொலைத்துவிட்டான். உள்ளே நுழையும் லஞ்சப் பணத்துக்காகக் கூலிப்படையிடமோ கடத்தல்காரியிடமோ ஒரு வருஷம் உழைக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் நமக்குக் காட்டப்படுவதில்லை. போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது சேலையூரில் நண்பன் ஒருவனின் அறையில்தான் இதை ஆடினோம். அவன் குடும்பம் 1990இல் இலங்கையிலிருந்து வந்தது. நாகங்களையும் வாள்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தவன், துறைமுக முற்றத்தில் அகதிகள் முண்டியடிக்கும் காட்சியில் மட்டும், "டேய், இந்த லைன் மட்டும் நிஜம்டா" என்றான். நான் குகைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

முதல் பாகம் காவியம் என்றால் இரண்டாவது நாவலாக முயல்கிறது. அசுரப் படை இல்லை. முதல் அங்கம் முழுதும் ஐம்பது பொற்காசு சேர்ப்பதற்கு. சுரங்கப் பயணத்தில் பங்குதாரனாக அந்த முதல் வேண்டும். பிறகு மூன்று வருஷம் கழிகிறது. மறுபடி மூன்று வருஷம். பூர்வீக வீடு மீட்கப்படுகிறது. மீட்ட வீட்டில் தாய் அதிக நாள் இருப்பதில்லை. நகரத்தில் பெண்களைக் கொல்பவன் ஒருவன் வெள்ளை அல்லிமலர் அனுப்புகிறான். முதல் அங்கத்திலேயே அவனைப் பற்றித் தடயம் கிடைக்கிறது. அத்தனையையும் கவனமாகத் துருவி வைத்திருந்தாலும், ஒன்றையும் கவனிக்காமல் விட்டிருந்தாலும், நாயகன் போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். பலர் பழைய நிலைக்குத் திரும்பித் திரும்பி ஆடிப் பார்த்தார்கள். காப்பாற்ற வழியில்லை. இதை ஒரு குறை என்று எழுதினார்கள். தாயைச் சாகக் கொடுத்த எவனிடமாவது, "முன்னாடியே கவனிச்சிருந்தா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தை அவன் தனக்குள் எத்தனை முறை ஆடிப் பார்த்திருப்பான் என்று தெரியும்.

ஆனால் எல்லா இயலாமையையும் தரிசனம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டர்ஸ் என்ற மருத்துவன், மந்திரவாதிகளுக்கு நடக்கும் கொடுமை பொறுக்காமல், நகரத்தின் கோயிலைத் தகர்க்கிறான். அதற்கான பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கும்படி வேறு ஏதோ காரணம் சொல்லி நம்மிடமே கேட்கிறான். கொடுத்தாலும் மறுத்தாலும் கோயில் வெடிக்கிறது. கொடுத்திருந்தால் நம் கையில் சாம்பல் ஒட்டியிருக்கும். சம்பவம் மாறாவிட்டாலும் பொறுப்பு மாறுகிறது. இதைத் தேர்வு என்று நான் ஒப்புக்கொள்வேன். மந்திரவாதிகளின் தலைவன் ஆர்சினோ விஷயம் வேறு. அவன் பக்கம் நின்று அவனுக்காகப் போராடினாலும், கடைசியில் அவன் பிணங்களைக் கூட்டி ராட்சச உருவெடுத்து நம் மேலேயே பாய்கிறான். அவன் சுபாவத்திலோ சூழலிலோ இதற்குப் போதிய காரணமில்லை. கடைசியில் ஒரு பெரிய சண்டை வேண்டும் என்பதே காரணம். முன்னது இயலாமையைப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. பின்னது இயலாமையைச் சௌகரியமாகப் பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு எடை பார்த்ததுதான் நம் தவறு.

குகைகளைப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். ஒரே குகை வேறு வேறு பெயரில் வருகிறது. திறக்க வேண்டாத வழிகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், மூலையிலிருக்கும் வரைபடமோ அடைத்த வழிகளையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறது. இரண்டு பாகங்களுக்கும் இடையில் பதினாறு மாதங்கள்தான். வியாபார அவசரம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை. அன்றாடம் என்பதே திரும்பத் திரும்ப வருவதுதானே, அதைத்தான் இது காட்டுகிறது என்று சாமர்த்தியமாக வாதாடுகிறவர்கள் உண்டு. தாம்பரம் பீச் மின்ரயிலில் தினமும் போகிறவன் அதை ஏற்க மாட்டான். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தினமும் வருகின்றன, ஆனால் ஒரே ஸ்டேஷனை இரண்டு பெயரில் காட்டுவதில்லை. திரும்ப வருவது வேறு, ஒன்றாக இருப்பது வேறு.

என் குற்றச்சாட்டு அதைவிடக் கடுமையானது. குகைகளை விடுங்கள், நகரம் என்ன ஆயிற்று? ஏழு வருஷத்தில் கர்க்வாலில் ஒரு புதுக் கடை வைக்கப்படவில்லை. ஒரு சுவர் இடியவில்லை. அதே ஆள் அதே மூலையில் நிற்கிறான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர்ப் பக்கம் நான் நடந்த தெருக்களில், ஏழு வருஷத்தில், வீட்டுக்கு வீடு வாசற்படி உயர்ந்தது. உயர்த்த வசதியில்லாதவர்கள் பள்ளத்தில் நின்றார்கள். காலம் ஒரு தெருவில் எழுதுவது அப்படி. காலத்தையே பொருளாக எடுத்துக்கொண்ட ஒரு படைப்புக்கு அதை வரைந்து காட்டக் காலம் கொடுக்கப்படவில்லை. அது உண்மையில் தோற்ற இடம் இதுதான். நகரம் சின்னதாக இருப்பது குற்றமே இல்லை. அந்தச் சின்ன நகரம் மூப்படையாமல் நிற்பதுதான் குற்றம்.

கதைசொல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக் கதையும் வாரிக் என்ற குள்ளன், விசாரணைக்கு வந்த கசாண்ட்ரா என்பவளிடம் கொடுக்கும் வாக்குமூலம். ஆரம்பத்தில் நாயகன் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்க்கிறான்; அவள் உண்மையைச் சொல் என்றதும் கதை சுருங்கி மறுபடி தொடங்குகிறது. இன்னொரு இடத்தில் தன்னைத் துரோகித்த அண்ணன் மாளிகையில் தான் தனியாளாகப் புகுந்ததை அளக்கிறான், மறுபடி பிடிபடுகிறான். தான் எங்கே பொய் சொல்லியாக வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. முதல் பாகத்துக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. அங்கே நடந்ததெல்லாம் நடந்ததுதான்.

தமிழ் வாசகனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சிலம்பையும் மேகலையையும் இரட்டைக் காப்பியம் என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டே, பின்னதைக் குறைவாகவே மதித்து வந்திருக்கிறோம். இரண்டும் முப்பது காதைகள். முன்னது மதுரையை எரிக்கிற நியாயத்தின் காவியம். பின்னதில் மந்திரம் உண்டு, வானில் பறத்தல் உண்டு, வேற்றுருவம் உண்டு, கடைசியில் சமயவாதிகளின் நீண்ட தர்க்கமும் உண்டு. தர்க்கம் அலுப்பூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் கோவலன் செத்தபின் அவன் மகள் என்ன ஆனாள், ஊரில் பசித்தவர்களுக்கு யார் சோறு போட்டார்கள், சிறைக்கோட்டம் எப்படி அறக்கோட்டமாயிற்று என்று கேட்டது அதுதான். புகாரைக் கடல் கொண்டதைச் சொல்வதும் அதுவே. பெருங்கதை முடிந்த இடத்தில் மிஞ்சியவர்களின் கதையை எழுதுகிறவன் முன்னவனின் செறிவோடு எழுத முடியாது. அவன் பொருளே சிதறிய பொருள். முதல் நூலின் அளவுகோலை அப்படியே இரண்டாவதின் மேல் வைக்கும் விமர்சனம், அளக்கிறதாக நினைத்துக்கொண்டு தண்டிக்கிறது.

தண்டனைக்கு விளைவும் இருந்தது. 2014இல் வந்த மூன்றாம் பாகம் 'இன்குவிசிஷன்' மறுபடி விரிந்த நிலங்களுக்கும் உலகைக் காக்கும் தலைவனுக்கும் திரும்பிவிட்டது. 2024இன் 'தி வெயில்கார்ட்' கடவுளர்களோடு மோதுகிறது. ஒரு குடும்பம், ஒரு ஊர், ஏழு வருஷம் என்ற அளவுக்கு அந்தத் தொடர் பிறகு திரும்பவில்லை. அவசரத்தில் அரைகுறையாக நின்ற அந்த முயற்சியை இன்னும் கொஞ்சம் அவகாசத்தோடு செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள், இனி இதைச் செய்யாதே என்று சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். நன்றாகச் செய்யப்பட்ட பழைய காரியத்துக்கும் அரைகுறையாகச் செய்யப்பட்ட புதிய காரியத்துக்கும் நடுவில் விமர்சகன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதில்தான் அவன் யாரென்று தெரிகிறது. நம் கவிதையிலும் நாவலிலும் இதே தேர்வு நம் முன் வருகிறது. நாம் பெரும்பாலும் செப்பமானதன் பக்கமே சாய்ந்திருக்கிறோம்.

இந்த முறை முதல் பாகத்தை மறுபடி ஆடுகையில் லோதரிங்கில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருந்திருக்கும் என்று தேடினேன். அப்படி ஒரு வீடு அங்கே வரையப்படவில்லை. இரண்டாம் பாகம் அப்போது இல்லையே. வீடுவீடாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஊர் வழக்கம்போல் அழிந்தது.