செல்போனுக்குத் தெரியாத ஈரம்

கிணற்று மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனால் இயக்கும் ஸ்டார்ட்டர் இன்று கிராமங்களில் அதிசயப் பொருள் அன்று. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வால் இத்தகைய கருவியை 'நானோ கணேஷ்' என்ற பெயரில் உருவாக்கினார். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தால், டார்ச் விளக்குடன் பாம்புக்கு அஞ்சி அஞ்சி வயலுக்கு நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையை ஒழித்ததற்காகவே இக்கருவியைப் பாராட்டலாம்.

ஆனால் அது உண்மையில் எதை அறிகிறது? மூன்று முனைகளிலும் மின்சாரம் உள்ளதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, இவ்வளவே. கிணறு வற்றினால் பம்பின் பளு குறையும், மின்னோட்டமும் குறையும், நல்ல ஸ்டார்ட்டர் உடனே மோட்டாரை நிறுத்திவிடும். நீருக்கென்று தனி உணரி இல்லாமலே நீர் இல்லாததைக் கண்டுகொள்ளும் இந்த உபாயத்தை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. மோட்டாரைக் காக்கும் வேலையில் குறை இல்லை. பயிரைப் பற்றித்தான் அதற்கு ஒன்றும் தெரியாது. நேற்றுப் பெருமழை பெய்திருந்தாலும் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் பாயும். தமிழகத்தில் 1990 முதல் உழவுப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே மின்கட்டணமும் கையைப் பிடிக்காது. வயலுக்கு நடந்தவர் மண்ணையாவது கண்ணால் பார்த்தார்!

மண்ணைக் கேட்கும் கருவியும் நம்மிடம் உண்டு. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு மண் ஈரங்காட்டியை உருவாக்கியுள்ளது. அதன் இரு கம்பிகளை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை, போதுமானது, ஆரஞ்சு, பாய்ச்சலாம், சிவப்பு, உடனே பாய்ச்ச வேண்டும். எண்களும் வரைபடமும் தேவையில்லை.

இங்கு ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. மின்கடத்தலை வைத்து ஈரத்தை அளந்தால் உப்பும் குறுக்கிடும். உவர் மண்ணிலும், உரமிட்ட மண்ணிலும் உள்ளதைவிட அதிக ஈரம் இருப்பதாகத் தோன்றும். மின்தேக்கி முறையில் இத்தொல்லை குறைவு. நீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80, உலர்ந்த மண்ணுக்கோ 3 முதல் 5 வரைதான். ஆனால் அதற்குச் செலவு கூடும்.

ஸ்டார்ட்டர் செய்வோர் அந்த நான்கு நிறங்களையும் செல்போன் பொத்தானுக்குப் பக்கத்தில் காட்டட்டும். மோட்டாரைத் தானே ஓட்ட வேண்டாம். அழுத்துமுன் நிறத்தைக் காட்டினால் போதும். உணரியை எங்கே செருகுவது என்பதை வயல்காரரிடமே கேட்க வேண்டும். வாய்க்கால் மடையோரம் செருகினால் பெரும்பாலும் நீலந்தான் எரியும்; வயலின் கோடியிலோ பயிர் வாடிக் கிடக்கும்.